தென்னாப்பிரிக்காவில் செவிலியர் பணியின் முதல் ஐந்து ஆண்டுகள்: முழுமையான வழிகாட்டி

டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு நர்ஸ் வேலை புதிதல்ல. 1969இல் ஆர்.கே.கான் மருத்துவமனை திறந்த நாளிலிருந்து ஏதோ ஒரு பெரியம்மாவோ அத்தையோ வெள்ளைச் சீருடையோடு பஸ் ஏறியிருப்பார்கள். அவர்கள் சொல்லும் புத்திமதியில் பாதி இன்றைக்கும் பொருந்தும். மீதிப் பாதி பொருந்தாது. அன்று பயிற்சி முடித்தவருக்கு வேலை காத்திருந்தது. இன்று கட்டாயச் சேவை முடித்த கையோடு வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்கள் பலர். படிப்பின் பெயரும் தரமும் மாறிவிட்டன, ஓய்வூதிய விதியும் மாறிவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டி இன்றைய நிலவரத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறது. எல்லாப் படிகளுக்கும் அடியில் ஓடும் எங்கள் கருத்து ஒன்றுதான்: முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்கே அதிகம் தருகிறார்கள் என்று பார்க்காதீர்கள், எங்கே கற்றுத்தருகிறார்கள் என்று பாருங்கள். சம்பள வித்தியாசத்தைப் பின்னால் ஈடுகட்டலாம். ஆரம்பத்தில் யாரும் கைபிடித்துச் சொல்லித்தராத வேலையில் சிக்கியவர் அந்தக் குறையைப் பல வருடம் சுமப்பார்.

படி 1: கையில் இருக்கும் தகுதி எது?

கேட்டால் எல்லோரும் "நர்ஸ்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் செவிலியர் மன்றத்தின் ஏட்டில் நீங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதுதான் அடுத்து எந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவு செய்கிறது.

புதிய திட்டத்தில் மூன்று வகை. ஓராண்டு உயர் சான்றிதழ் ஆர்.169 விதிப்படி வருவது, என்.க்யூ.எஃப். எனும் தேசியத் தகுதி ஏணியில் நிலை 5, அதை முடித்தவர் துணைச் செவிலியர். மூன்றாண்டு டிப்ளமோ ஆர்.171 விதிப்படி, நிலை 6. முடித்தவர் பொதுச் செவிலியர். நான்காண்டு பட்டம் ஆர்.174 விதிப்படி, நிலை 8. முடித்தவர் தொழில்முறைச் செவிலியரும் மருத்துவச்சியும் ஆவார். மூன்று விதிகளும் 2013 மார்ச்சில் வெளியானவை. இவற்றோடு பழைய ஆர்.425 திட்டத்தில் நான்காண்டு படித்தவர்களும் வார்டுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் மூன்றாண்டு டிப்ளமோ. அதை முடித்தவருக்குப் பிரசவம் பார்க்கும் உரிமை கிடையாது. பிரசவ வார்டில் பொறுப்பேற்க வேண்டுமானால் மருத்துவச்சிக்கான உயர்நிலை டிப்ளமோவைத் தனியாகப் படிக்க வேண்டும். ஐ.சி.யூ., தியேட்டர், சிறுநீரகம் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கான முதுநிலை டிப்ளமோ நிலை 8இல் இருக்கிறது. நிலை 6இலிருந்து அதற்கு நேராகத் தாவ முடியாது, இடையில் நிலை 7இல் ஒரு படிப்பு வேண்டும். பழைய நான்காண்டு டிப்ளமோக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு விழிப்பதைவிட, சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் நுழைவு விதியை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 2: கட்டாயச் சேவை ஆண்டு

2005ஆம் ஆண்டின் 33ஆம் எண் செவிலியர் சட்டம், 40ஆம் பிரிவு: முதல்முறை பதிவு செய்பவர் ஓராண்டு அரசு மருத்துவ நிலையத்தில் சம்பளத்தோடு சமூகச் சேவை செய்ய வேண்டும். பேச்சில் இதைக் "காம்சர்வ்" என்பார்கள். தேசிய சுகாதாரத் துறையின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, விருப்ப இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் "ஆர்.கே.கான் போடு, பக்கத்திலேயே இருக்கலாம்" என்பார்கள். ஃபீனிக்ஸ்காரர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர்களுக்கு நார்த்டேல். வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம் எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் பட்டியலை நிரப்புமுன் ஒவ்வொரு இடத்திலும் போன வருடம் சேவை செய்த ஒருவரைப் பிடித்து நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பிரிவுகளில் சுழற்சி தந்தார்கள்? இரவு ஷிஃப்டில் புதியவரோடு அனுபவமுள்ள சிஸ்டர் இருந்தாரா, அல்லது வந்த இரண்டாம் மாதமே வார்டைத் தனியாகப் பார்க்க விட்டார்களா? தங்குமிடம் உண்டா? இரவு பத்து மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டால் வருகிறாரா?

மாவட்ட மருத்துவமனையில் ஒரே வாரத்தில் பிரசவம், விபத்து, குழந்தை வயிற்றுப்போக்கு, காசநோய் எல்லாம் பார்ப்பீர்கள். இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி போன்ற மைய மருத்துவமனையில் பரிந்துரைத்து அனுப்பப்பட்ட சிக்கலான நோயாளிகளையும் நல்ல கருவிகளையும் பார்ப்பீர்கள். ஆனால் அடிப்படை வேலையில் கை ஓடுவது குறையும். எங்களைக் கேட்டால் முதல் ஆண்டுக்கு நல்ல மேற்பார்வையுள்ள மாவட்ட அல்லது வட்டார மருத்துவமனைதான். வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் என்றாலும் சரி.

மாகாண உதவித்தொகையில் படித்தவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படியுங்கள். பெரும்பாலும் படித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓராண்டு உழைக்க வேண்டும், நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காம்சர்வ் ஆண்டு அந்தக் கணக்கில் சேருமா என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 3: பதிவு அறுபடாமல் பார்த்துக்கொள்வது

பிரிட்டோரியாவில் உள்ள தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தை வார்டில் எல்லோரும் "சான்க்" என்பார்கள். அவர்களுடைய ஆண்டுத் தொழில்சான்று ஒரு காலண்டர் ஆண்டுக்குத்தான் செல்லும். அடுத்த ஆண்டுக்கான கட்டணம் டிசம்பர் 31க்குள் அவர்கள் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். 30ஆம் தேதி இரவு வங்கிச் செயலியில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது, வேறு வங்கி என்றால் பணம் போய்ச்சேர நாளாகும். நவம்பரிலேயே கட்டுங்கள். பரிமாற்றக் குறிப்பில் உங்கள் சான்க் எண்ணை மட்டும் போடுங்கள். பெயரைப் போட்டால் பணம் யார் கணக்கிலும் சேராமல் நிற்கும். கட்டிய பிறகு மன்றத்தின் இணையப் பதிவேட்டில் உங்கள் எண்ணைத் தட்டிப் பாருங்கள். முதலாளி பார்ப்பதும் அதே பக்கத்தைத்தான்.

கட்டணம் தவறினால் பெயர் நீக்கப்படும். மீண்டும் சேர்க்க அபராதம். அதைவிடப் பெரிய கேடு, நீக்கப்பட்ட நிலையில் பார்த்த ஒவ்வொரு ஷிஃப்டும் சட்டவிரோதம்.

காம்சர்வ் முடிந்ததும் நிலையத் தலைவர் கையெழுத்திட்ட நிறைவுப் படிவம் மன்றத்துக்குப் போக வேண்டும். யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே பின்தொடருங்கள். நீண்ட விடுப்பு எடுத்திருந்தால் முடியும் தேதி தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 4: வார்டில் முதல் ஆறு மாதம்

புதியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அறிவுக்குறை இல்லை. அவசரமும், கேட்கக் கூச்சமும்தான்.

மருந்திலிருந்து தொடங்குவோம். டிரிப் கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: மில்லிலிட்டரை செட்டின் சொட்டு எண்ணால் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு) பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 1000 மில்லி 8 மணி நேரத்தில், 20 சொட்டு செட் என்றால் 20,000ஐ 480ஆல் வகுக்க 41.7, நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் உறையில் 15 என்றோ 60 என்றோ இருந்தால் விடை முற்றிலும் வேறு. உறையைப் படிக்காமல் பழக்கத்தில் 20 என்று எடுத்துக்கொள்வதால்தான் தவறு நடக்கிறது.

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்ப்யூல் 10 மில்லி, அதில் 20 மில்லிமோல். பார்வைக்கு ஊசித் தண்ணீர் ஆம்ப்யூல் போலவே இருக்கும். கலக்காமல் நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை உப்புநீர் ஆம்ப்யூல்களோடு ஒரே டிரேயில் வைக்கும் வார்டில் நீங்கள் சேர்ந்தால், முதல் நாளே பிரித்து வைக்கும்படி பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். புதியவர் சொல்வதா என்று தயங்க வேண்டாம். பையில் கலந்ததும் நன்றாகக் குலுக்கி ஆட்டுங்கள், இல்லாவிட்டால் பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும்.

மார்பின், பெத்திடின் போன்றவை 6ஆம் அட்டவணை மருந்துகள். பூட்டிய அலமாரி, சாவி பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம், தனிப் பதிவேடு, இருவர் கையெழுத்து, ஷிஃப்ட் மாறும்போது இருப்பை எண்ணி ஒப்படைப்பு. "காலையில் எண்ணிக்கலாம், நீ கையெழுத்துப் போடு" என்று எவ்வளவு அன்பான சீனியர் சொன்னாலும் எண்ணாமல் கையெழுத்திடக் கூடாது. ஒரு ஆம்ப்யூல் குறைந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டவரைத்தான் முதலில் கேட்பார்கள். ஆம்ப்யூல் உடைந்தால் துண்டுகளை எறியாமல் வைத்து, உடனே இன்னொருவரைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

அடுத்து, டாக்டரைக் கூப்பிடுவது. "டாக்டர், நோயாளிக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றால் மறுமுனையில் இருப்பவர் எழுந்து வரமாட்டார். நீங்கள் யார், எந்த வார்டு, என்ன நிலை, பின்னணி என்ன, நீங்கள் கணிப்பது என்ன, உங்களுக்கு வேண்டியது என்ன என்ற வரிசையில் சொல்லுங்கள். "4ஆம் வார்டு நர்ஸ் பேசுகிறேன். படுக்கை 12, மூன்று மணி நேரத்துக்கு முன் சிசேரியன். ரத்த அழுத்தம் 84க்கு 50, நாடி 128, பேட் முழுக்க நனைந்துவிட்டது, இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 20 மில்லி. உள்ளே ரத்தக்கசிவு என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள்." போனை எடுக்குமுன் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் குரல் நடுங்காது. டாக்டர் வரவில்லை என்றால் கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் குறித்துவிட்டு, அவருக்கு மேலே உள்ளவரையும் இரவு மேற்பார்வையாளரையும் அழையுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. நோயாளிக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடமை அது.

மூன்றாவது, எழுத்து. நேரம், கண்டது, செய்தது, யாரிடம் சொன்னது, என்ன பதில் என்ற ஐந்தும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்க வேண்டும். "நோயாளி நன்றாக இருக்கிறார்" என்பது குறிப்பே இல்லை. தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். மறந்ததைப் பின்னால் எழுதும்போது "தாமதக் குறிப்பு" என்று எழுதி, எழுதும் நேரத்தையே போடுங்கள். பிரசவ வார்டில் இது உயிர்நாடி. குழந்தைக்கு மூளைப் பாதிப்பு என்று பல ஆண்டுகள் கழித்து வழக்கு வரும்போது பார்ட்டோகிராம் எனும் பிரசவ முன்னேற்ற வரைபடமும் இதயத்துடிப்புப் பதிவும் மட்டுமே உங்களுக்காகப் பேசும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. குவாசுலு-நடாலில் பெரும்பாலான நோயாளிகள் ஜூலு பேசுபவர்கள். "குபுஹ்லுங்கு குபி?", அதாவது எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தாலே நோயாளியின் முகம் மாறும். ஆறு மாதத்தில் வலி, மூச்சு, சாப்பாடு, மாத்திரை, கர்ப்பம் பற்றிய கேள்விகளைக் கற்றுவிடலாம். எப்போதாவது தமிழ் மட்டும் வசதியாகப் பேசும் ஒரு வயதான ஆயாவோ தாத்தாவோ வந்தால் உங்களைத்தான் தேடுவார்கள். ஆறுதலாகப் பேசுங்கள். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதத்துக்கு நீங்கள் மொழிபெயர்த்தால், நீங்கள் மொழிபெயர்த்தீர்கள் என்று கோப்பில் எழுதப்பட வேண்டும்.

படி 5: ஊசி குத்தினால், இருமல் வந்தால்

வேலையில் சேருமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை முடிந்திருக்க வேண்டும்: தொடக்கத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். கடைசித் தவணைக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைச் சோதித்து, 10க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டுக்கொண்டவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை.

ஊசி குத்திவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிழிந்து ரத்தம் எடுக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீராலோ உப்புநீராலோ நிறையக் கழுவுங்கள்.
2. உடனே பொறுப்பாளரிடம் சொல்லி, வேலையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் விழுங்குங்கள். 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. நோயாளியின் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.
4. அன்றே உங்கள் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தொடக்கச் சோதனை இல்லையென்றால், பின்னால் தொற்று வந்தாலும் அது வேலையில் வந்தது என்று நிரூபிக்க முடியாது.
5. சம்பவப் பதிவேட்டிலும், 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் இழப்பீட்டுச் சட்டப்படியான டபிள்யூ.சி.எல்.2 படிவத்திலும் பதியச் செய்யுங்கள். விபத்தை அறிந்த 7 நாளுக்குள் முதலாளி அனுப்ப வேண்டும். பிரதி உங்களிடம் இருக்கட்டும்.
6. மருந்து 28 நாள். 6 வாரத்திலும் 3 மாதத்திலும் மறுபடி சோதனை. அதுவரை கணவன் மனைவிக்குள்ளும் ஆணுறை வேண்டும்.

இப்போது வழக்கமாகத் தரும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் உண்டு. வயிற்றெரிச்சல் மருந்து, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் அதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருந்தாளரிடம் சொல்லுங்கள்.

காசநோயை இலேசாக எண்ண வேண்டாம். குவாசுலு-நடாலின் டுகேலா ஃபெரியில் உள்ள சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மருத்துவமனையில் பெரும்பாலான மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்குக் கண்டறியப்பட்டதும் அவர்களில் 52 பேர் இறந்ததும் 2006இல் உலகுக்குத் தெரிந்தது. இறந்தவர்களில் மருத்துவப் பணியாளர்களும் இருந்தனர். சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் உங்களைக் காக்காது, என்95 வேண்டும். அணிந்ததும் இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் மறுபடி பொருத்துங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, எடை குறைவு என்றால் சளிச் சோதனை செய்யுங்கள். நோய் உறுதியானால் அதுவும் தொழில்நோயாகப் பதியப்பட வேண்டும்.

படி 6: ரோஸ்டரும் வீடும்

அரசு மருத்துவமனையில் வாரத்துக்குச் சராசரி 40 மணி நேரம். காலை 7 முதல் இரவு 7 வரை, அல்லது இரவு 7 முதல் காலை 7 வரை என 12 மணி ஷிஃப்ட் பரவலாக உள்ளது. தொழிலாளர் அடிப்படைச் சட்டத்தின் கூடுதல் நேர வரம்புகள் உங்களைக் காக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அமைச்சர் அவ்வப்போது அறிவிக்கும் வருமான வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்தப் பிரிவுகள் பொருந்தாது, தொழில்முறைச் செவிலியரின் சம்பளம் பெரும்பாலும் அதற்கு மேல். உங்கள் உரிமை வேலை ஒப்பந்தத்திலும், முதலாளியும் சங்கங்களும் பேசி முடிவெடுக்கும் பேரவையின் ஒப்பந்தங்களிலும்தான் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை. பெரிய வெள்ளி விடுமுறை நாள்; அன்றுதான் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி, இசிப்பிங்கோ மாரியம்மனுக்கும் கூட்டம். ஒரே நாளுக்குப் பலர் கேட்பார்கள், ரோஸ்டர் போடுமுன் எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு கிறிஸ்துமஸ் ஷிஃப்ட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் எளிதில் கிடைக்கும். காவடிக்குக் காப்புக் கட்டியவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: மணிக்கட்டில் கயிறு இருந்தால் கை சுத்தம் முழுமையாகாது, முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்பது தொற்றுக்கட்டுப்பாட்டு விதி. மேல்கையில் கட்டலாமா என்று குருக்களிடம் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கு ஆண்டு விடுப்பு எடுங்கள். விரத நாளில் 12 மணி ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பழமும் மோருமாவது நேரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் மருந்து கணக்குப் போடக் கூடாது.

படி 7: அரசா, தனியாரா, ஏஜென்சியா?

அரசுப் பணியிடங்கள் பொதுச்சேவைத் துறையின் காலியிடச் சுற்றறிக்கையில் வரும். விண்ணப்பம் இசட்83 படிவத்தில். பலர் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, அல்லது கையெழுத்தை மறந்து, முதல் சுற்றிலேயே கழிக்கப்படுகிறார்கள். பொருந்தாத கேள்விக்கும் "பொருந்தாது" என்று எழுதுங்கள். காலியிட எண்ணை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஒவ்வொரு வேலையை விட்டு வரும்போதும் மனிதவளப் பிரிவின் முத்திரையோடு பணிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், தொடக்கமும் முடிவும் நாள் மாதம் வருடமாக இருக்கட்டும். அந்தக் காகிதம் இல்லாமல் உங்கள் அனுபவ ஆண்டுகள் கணக்கில் வராது.

2007இல் வந்த ஓ.எஸ்.டி. சம்பள முறையில் பொதுப்பிரிவுத் தொழில்முறைச் செவிலியர் தரம் 1க்கு அனுபவம் தேவையில்லை. தரம் 2க்கு 10 ஆண்டு, தரம் 3க்கு 20 ஆண்டு. ஏணியின் படிகள் இவ்வளவு தூரம் தள்ளி இருப்பதால்தான் சிறப்புப் படிப்பு முக்கியமாகிறது.

லைஃப், நெட்கேர், மெடிகிளினிக், லென்மெட் போன்ற தனியார் குழுமங்களில் கருவிகள் நன்றாக இருக்கும், வேலை ஒழுங்கு இருக்கும். ஆனால் டாக்டரின் சொற்படி நடப்பதே அதிகம். நீங்களே முடிவெடுத்துப் பழகும் வாய்ப்பு குறைவு. ஏஜென்சி வேலையில் மணிக்கணக்குச் சம்பளம் கவர்ச்சியாகத் தெரியும். விடுப்பு, நோய் நாள், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் விலை போட்டுக் கழித்துப் பாருங்கள். அதோடு, தினம் ஒரு புது வார்டு. மருந்து அலமாரி எங்கே என்றுகூடத் தெரியாது. இரண்டாண்டு அனுபவத்துக்கு முன் ஏஜென்சியை முழுநேர வேலையாக எடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேறு வழியில்லை என்றால் ஒரே மருத்துவமனை, ஒரே பிரிவு என்று கேட்டு வாங்குங்கள்.

அரசு வேலையில் இருந்துகொண்டு விடுமுறை நாளில் வெளியே வேலை பார்க்க முன்அனுமதி வேண்டும். பொதுச்சேவைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அனுமதியில்லாமல் பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை. சம்பளத் தகவல்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது இப்போது கடினமில்லை.

ஓய்வூதியம் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் ஒரு வழி இனி இல்லை. "ரிசைன் பண்ணு, அரசு ஓய்வூதிய நிதிப் பணம் வரும், கடனை அடை" என்பார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பானை முறை. உங்கள் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய பானையில் சேரும், அதையும் எடுத்தால் வருமான வரி பிடிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு வரை பூட்டு. அந்தத் தேதிக்கு முன் சேர்ந்த பணம் நிற்பது பழைய பானை; பிறகு வேலையில் சேர்ந்தவருக்கு அதுவே கிடையாது.

படி 8: சிறப்புப் படிப்பு எப்போது?

ஓ.எஸ்.டி.யில் சிறப்புப் பிரிவு தரம் 1க்கு இரண்டு நிபந்தனை: தொழில்முறைச் செவிலியராகப் பதிவு செய்த பின் குறைந்தது 4 ஆண்டு அனுபவம், மன்றத்தில் பதியப்பட்ட ஓராண்டுச் சிறப்புத் தகுதி. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: அந்தச் சிறப்புப் பிரிவில் பணியிடமும் கிடைக்க வேண்டும். ஐ.சி.யூ. படித்துவிட்டுப் பொது வார்டிலேயே இருந்தால் சம்பளம் ஏறாது. சேருமுன் உங்கள் மருத்துவமனையில் அந்தப் பிரிவில் எத்தனை பணியிடம் காலி, யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று பாருங்கள்.

இரண்டாம் ஆண்டில் பிரிவைப் பற்றி யோசிக்கத் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் அங்கே மாற்றல் கேட்டு ஆறு மாதமாவது வேலை செய்து பார்த்துவிட்டு, பிறகு விண்ணப்பிப்பது நல்லது. தியேட்டரில் நோயாளியோடு பேசும் வேலை குறைவு. பேச்சால் ஆறுதல் தருபவர்கள் அங்கே வாடிப்போவார்கள். மருத்துவச்சி வேலையில் மகிழ்ச்சியும் வழக்கு அபாயமும் சேர்ந்தே வரும். வீட்டுப் பொறுப்பு அதிகமுள்ளவர்களுக்கு ஆரம்பச் சுகாதார நிலையம் நல்ல பாதை, பல இடங்களில் பகல் வேலை. 2010 முதல் எச்.ஐ.வி. மருந்தைச் செவிலியரே தொடங்கி நடத்தும் முறை வந்ததால் அங்கே முடிவெடுக்கும் பொறுப்பும் பெரிது. அதற்கான பயிற்சியும், செவிலியர் சட்டம் 56ஆம் பிரிவின் அனுமதியும் இல்லாமல் மருந்து எழுதக் கூடாது.

படி 9: புகார் வந்தால்

சங்கத்தில் பிரச்சினை வந்த பிறகு சேர்வது பயன் தராது. டெனோசா, ஹோஸ்பெர்சா, நேஹாவு எதுவானாலும் வேலையில் சேர்ந்த மாதமே சேருங்கள். தொழில் தவறுக்கான காப்பு அந்தச் சந்தாவில் அடங்குமா, எவ்வளவு தொகைக்கு என்று கேளுங்கள். மன்றத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் கோபத்தில் அன்றிரவே பதில் எழுதாதீர்கள். சங்கத்தின் சட்டப் பிரிவிடம் காட்டிய பிறகே எழுதுங்கள். கோப்பில் பழைய குறிப்பைத் திருத்த நினைக்கவே கூடாது. சிறு தவறு அதனால் மோசடியாகிவிடும்.

நீங்கள் குறை சொல்ல வேண்டிய பக்கத்திலும் காலக்கெடு உண்டு. அரசுப் பணியில் சம்பவம் தெரிந்த 90 நாளுக்குள் குறையீடு தர வேண்டும். நியாயமற்ற பணிநீக்கம் என்றால் 30 நாளுக்குள் வழக்கைப் பேரவைக்குக் கொண்டுபோக வேண்டும்.

படி 10: வெளிநாடு

பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்ச்சி, கணினித் தேர்வு, பிறகு அங்கே செய்முறைத் தேர்வு. ஐயெல்ட்ஸ் எழுதினால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஆஸ்திரேலியாவுக்கு என்க்ளெக்ஸ் என்ற கணினித் தேர்வு, பிறகு அங்கே செய்முறைத் தேர்வு. சவுதிக்கு டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் என்ற கணினித் தேர்வும், பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவமும். வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடை செய்கிறது. ஒப்பந்தத்தில் "நடுவில் விட்டால் திருப்பித் தர வேண்டிய தொகை" எவ்வளவு, மாதா மாதம் குறைகிறதா என்று பாருங்கள்.

சான்க்கிலிருந்து நல்லொழுக்கச் சான்றும் பயிற்சி மணிநேரப் பட்டியலும் நேரடியாக வெளிநாட்டு மன்றத்துக்குப் போக வேண்டும். தாமதம் அங்கேதான் அதிகம், அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைக் கேளுங்கள். போன பிறகும் இங்கே ஆண்டுக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டுங்கள்.

நம்மவர்கள் கோப்புகள் நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் பெயர். மெட்ரிக் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறு. கல்யாணத்துக்கு முன் கோவெண்டர், பின் மூட்லி. பிறப்புச் சான்றிதழ், மெட்ரிக், அடையாள அட்டை, பாஸ்போர்ட், சான்க் பதிவு ஐந்தையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் உள்துறை அலுவலகத்தில் விரிவான திருமணச் சான்றிதழ் கேட்டு, முதலில் அடையாள அட்டை, அடுத்து பாஸ்போர்ட், பிறகு சான்க் என்ற வரிசையில் திருத்துங்கள். தேர்வுக்குப் பெயர் பதிவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.